ரொட்டிப் பெட்டிக்கார அக்கா

போன வாரம் டத்தோ கிராமாட்டில், எங்கள் பிளாட்டுக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில், தே தாரிக் கிளாஸை மேசையில் ஓங்கி வைத்துவிட்டேன். பாதி தேநீர் என் சட்டையில் ஊற்றிக்கொண்டது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, ரொம்ப சூடா?" என்று கேட்டார். சூடுதான். ஆனால் தேநீர்ச் சூடு இல்லை.

பக்கத்து மேசையில், புதிதாகக் குடிவந்த ஒரு கணவன் மனைவிக்கு எங்கள் பிளாக்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி கதை சொல்லிக்கொண்டிருந்தார். "முன்ன இங்க ஒரு அக்கா இருந்தாங்க. பாக்க சகிக்காத ஒரு கார் வச்சிருந்தாங்க. ரொட்டிப் பெட்டின்னு சொல்லுவோம். செத்துப்போன வீட்டுக்காரரு ஓட்டுன காரு. அவரு ஞாபகமா வச்சிருந்தாங்க. எத்தனை பேரு சொல்லியும் விட மாட்டேன்னுட்டாங்க. பாவம் லா, அப்படி ஒரு பாசம்."

புது மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சோ ஸ்வீட்!"

அந்தக் கதையில் ஒரு வார்த்தைகூட நிஜம் இல்லை. பார்க்கச் சகிக்காத கார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அக்கா இப்போது கெப்பாலா பத்தாஸில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். இந்தக் கதையை அவர் காதுபடச் சொல்லியிருந்தால், கிளாஸை மேசையில் வைத்திருக்க மாட்டார்.

அதனால் நான் எழுதுகிறேன். எனக்குப் பள்ளிக்கூட எழுத்து கொஞ்சம்தான். கண்டெய்னர் லாரி ஓட்டியவன். காத்திருக்கும் நேரத்தில் கையில் கிடைத்ததைப் படித்து, காதில் விழுந்ததை மனதில் போட்டு வைத்துக் கற்றுக்கொண்ட தமிழ் இது. ஆனால் ஒருவரைப் பற்றி ஊரே பொய் சொல்லும்போது சும்மா இருக்க எந்தப் படிப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அக்காவை எனக்கு பிளாட்டுக்கு வருவதற்கு முன்பே தெரியும். துறைமுகத்துச் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்தார். லாரிக்காரர்கள் நாங்கள் அவருடைய கவுண்டரில்தான் போய் நிற்போம். நாங்கள் பேச வாய் திறப்பதற்கு முன்பே, "நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும், ஏன் லேட்டா வந்தே, அதைச் சொல்லு" என்பார். அப்போது ஜப்பானிலிருந்து பழைய கார்கள் கப்பலில் வந்து இறங்கும். ரெக்கண்ட் கார் என்போமே, அதுதான். வெயிலில் வரிசையாக நிற்கும். அழகானதை எல்லாம் ஆட்கள் வந்து சீக்கிரம் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்றிரண்டு மட்டும் ஓரமாக நிற்கும். ஜப்பான்காரன் ஏதோ குஷியில் வரைந்து, பிறகு அவனே வெட்கப்பட்டு அனுப்பிவிட்டது மாதிரி இருக்கும்.

அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசைப் பக்கம் போவார். நாங்கள் லாரியில் உட்கார்ந்தபடி பார்ப்போம். நல்ல காரை எல்லாம் தாண்டிப் போவார், பஸ்ஸில் ஏறியவர் நடுவில் நிற்கிறவர்களைத் தள்ளிக்கொண்டு காலி சீட்டுக்குப் போகிற மாதிரி. அந்த ஓரத்துக் கார் முன்னால் போய் நின்று, குடையைச் சாய்த்து, சிரிப்பார். கேலிச் சிரிப்பு கிடையாது. பிடித்தவரை ரயிலடியில் பார்த்துவிட்டால் ஒரு சிரிப்பு வருமே, அது.

அப்படித்தான் ரொட்டிப் பெட்டி வந்தது. அந்தப் பெயரை அவர் வைக்கவில்லை, பிளாட் வைத்தது. உயரமான, ஒல்லியான கார். மூக்கு சப்பை. நெற்றி பெரிசு. முன்விளக்குகள் இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி எட்ட எட்ட இருக்கும். பின்கண்ணாடி ஒரு பக்கம் வளைந்து ஓடி, மறுபக்கம் திடீரென்று நின்று தகரமாகிவிடும். வரைந்தவனைப் பாதியில் யாரோ சாப்பிடக் கூப்பிட்டது போல. நிறம், ஆறிப்போன பருப்புக் கறி.

முதல் தடவை பார்த்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்னக்கா, பாத்து வாங்கலையா?"

"பாத்துத்தான் வாங்குனேன். நீதான் பாக்காம பேசுற" என்றார். பிறகு என் தோளைப் பிடித்து முன்பக்கமாக நிறுத்தினார். "இங்க நின்னு பாரு. இப்ப வர்ற காரு எல்லாத்துக்கும் என்ன மூஞ்சி? கோவ மூஞ்சி. கண்ணைச் சுருக்கிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு. கண்ணாடியில பாத்தா யாரோ நம்மள திட்டிக்கிட்டே பின்னாடி வர்ற மாதிரி இருக்கு. ஒரு மஞ்சள் லைட்டுல நின்னா போதும், அடிக்க வர்றான்னு நெனச்சுக்குவேன். இதைப் பாரு. இது யாரையாச்சும் திட்டுதா?"

பார்த்தேன். திட்டவில்லை. யாரோ நல்ல சேதி சொன்னதைக் கேட்டு, "அப்படியா!" என்று நிற்கும் முகம் அது. அதற்கு முன் எனக்கு அது தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காரை வேறு மாதிரி பார்க்க என்னால் முடியவில்லை.

அக்காவின் முகம் எப்படி இருக்கும் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களும் அவருடைய முகத்தையும் கார் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். அவருடைய சொந்தக்காரர்களே பார்த்தார்கள். "அவளுக்கு ஏத்த காரைத்தான் புடிச்சிருக்கா" என்று ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து பேசியதை என் காதால் கேட்டேன். இதை எழுதும்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது. ஒருத்தருக்கு ஒன்று பிடித்தால், அவரிடம் ஏதோ குறை இருப்பதால்தான் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் மனிதர்களுக்கு என்ன ஒரு சந்தோஷம்!

அக்காவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பிரிவில் இருந்தவர். அமைதியானவர். அவருக்கு ஒரு வெள்ளி நிற செடான் கார். ஊரில் எல்லாரும் வாங்குகிற மாதிரி, எல்லாரும் தலையாட்டுகிற மாதிரி கார். அதற்குப் பூப்போட்ட சீட் உறை, ஜெபமாலை, பின்னால் டிஷ்யூ பெட்டிக்குப் பின்னல் துணி எல்லாம் உண்டு. ரொட்டிப் பெட்டியை அவரால் தாங்கவே முடியாது. ஆனால் மனைவியை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒரு ஞாயிறு பூசைக்கு அவர் கார், மறு ஞாயிறு பூசைக்கு அக்கா கார். அக்காவின் ஞாயிறுகளில் அவர் மாதா கோயிலுக்கு ஒரு சந்து முன்னாலேயே இறங்கிக்கொள்வார். "காலு மரத்துப்போச்சு, கொஞ்சம் நடந்து வர்றேன்" என்பார்.

"நடக்கட்டும், உடம்புக்கு நல்லது" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரிப்பார். "தம்பி, அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. அதான் ஒவ்வொரு வாட்டியும் அதே காலு மரத்துப்போகுது."

இரண்டு பேரும் எவ்வளவு பிரியமாக இருந்தார்கள் என்பதற்கு எனக்கு அந்தச் சந்து போதும். அவர் மனைவிக்காக அந்தக் காரில் ஏறினார். அக்கா அவருக்காக அந்தச் சந்தில் நிறுத்தினார். யாரும் யாருடைய கண்ணையும் மாற்றப் பார்க்கவில்லை.

ஒரு வருஷம் மாதா கோயில் திருநாளில் வண்டிகளை மந்திரித்தார்கள். எங்கள் பக்கம் எலுமிச்சம்பழம், தேங்காய். அவர்கள் பக்கம் சாமியார் வரிசையாக வந்து ஒவ்வொரு காருக்கும் தீர்த்தம் தெளிப்பார். அன்றைக்கு அக்காவின் ஞாயிறு. வரிசையில் ரொட்டிப் பெட்டி நிற்கிறது. சாமியார் வந்தார், பார்த்தார், பக்கத்தில் செம்பு பிடித்திருந்தவரிடம் திரும்பி, "இதுக்கு ஒரு வாளி வேணும் போல இருக்கே" என்றார். வரிசையே சிரித்தது.

அக்கா கண்ணாடியை இறக்கினார். "தண்ணி வேணாம் ஃபாதர். வீட்டுக்குப் போயி கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார். நடந்து வந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் கேட்டில் அவரை எதிர்கொண்டு, ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அன்று திரும்பும்போது அவருக்குக் கால் மரத்துப்போகவில்லை என்று அக்கா சொன்னார்.

நேரே என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, உங்க கோயில்ல கார் பூசைக்கு என்ன கொண்டு வரணும்?"

"அக்கா, நீங்க வேதக்காரவுங்க..."

"கார் இன்னும் வேதத்துல சேரல. சொல்லு."

போனோம். பூசாரி சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். "எடுங்கம்மா" என்றார். அக்கா நசுக்கிக்கொண்டு முன்னே போனார். பூசாரி காரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவருக்குச் சக்கரமும் பழமும் நேராக இருந்தால் போதும். திரும்பும்போது அக்கா, "அவருக்கு அழகும் தெரியல, அசிங்கமும் தெரியல. இன்னிக்கு எனக்கு அது போதும்" என்றார்.

கதை மாதா கோயில் பங்கு முழுக்கப் பரவியது. இரண்டு வாரம் கழித்து சாமியாரே ஒரு புட்டியில் தீர்த்தத்தோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். எல்லார் முன்னாலும் சிரித்தது தப்பு என்று அவருக்குப் பட்டிருக்கிறது. "மன்னிச்சிருங்கம்மா. பாவப்பட்ட வண்டியைக் கேலி பண்ணியிருக்கக் கூடாது. யாரும் தீண்டாததை எடுத்து வச்சுக் காப்பாத்துறீங்க. உங்களுக்கு இரக்க மனசு."

கொண்டு வந்த காப்பியை அக்கா அவருக்குக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார். "பாவப்பட்ட வண்டியா? யாரு சொன்னா பாவம்னு? அது என்ன நொண்டியா, அனாதையா? நான் என்ன ஆசிரமமா நடத்துறேன்?"

சாமியார் போன பிறகு எனக்கு எந்நாளும் மறக்காத ஒரு பேச்சைச் சொன்னார். "தம்பி, சிரிக்கிறவன் பாத்துட்டாச்சும் சிரிக்கிறான். பாவம்னு சொல்றவன் பாக்கவே இல்ல."

கேலி செய்கிறவர்களை அவர் சமாளிப்பார். ஒரு தடவை பழைய டவுன் சந்து ஒன்றில், தையல்காரரைப் பார்க்கப் போனவர் காரைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார். திரும்பி வந்தால் சுவர் ஓவியம் பார்க்க வந்த கூட்டம் காரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் ஊர்க்காரர்கள் வைத்த வேடிக்கைப் பொருள் என்று நினைத்துவிட்டார்கள். அதில் கோலாலம்பூரிலிருந்து வந்த இரண்டு தமிழ்ப் பையன்கள். "யாரு பெத்த புள்ளையோ மச்சான் இது!" என்று ஒருவன் சொல்ல, அக்கா பின்னாலிருந்து, "நான் பெத்தது. என்னா வேணும்?" என்றார். அவன் கையிலிருந்த போன் விழுந்தது. அக்காவே குனிந்து எடுத்துக் கொடுத்து, "சரியா எடு. இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லாருக்கு" என்று அவனை இடம் மாற்றி நிறுத்தினார்.

இரக்கப்படுகிறவர்களை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்களைத் திட்டினாலும் இரக்கப்பட்டார்கள்.

பிறகு வீட்டுக்காரர் போய்விட்டார். மாரடைப்பு. காலையில் வேலைக்குப் போக வெள்ளிக் காரின் கதவைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு உரிமை இல்லை. கார் பார்க்கில் அக்காவின் இடம் பக்கத்தில் என் இடம். பல காலை வேளைகளில் அவர் வெள்ளிக் காரின் முன் சீட்டில், எஞ்சினைப் போடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்க்காதது மாதிரி மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போவேன். ரொட்டிப் பெட்டியைக் கழுவும்போது மட்டும்தான் பழைய அக்கா தெரிவார். துணியால் அதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஏதாவது பாடுவார். மழைத்தண்ணீர் இறங்காத குழாய் மாதிரி ஒரு குரல்.

ஒரு நாள் பிளாட்டின் வாட்ஸ்அப் குழுவில் ரொட்டிப் பெட்டியின் படம் வந்தது. "கைவிடப்பட்ட கார். யாருடையது? நகராட்சிக்குச் சொல்லி இழுத்துப் போகச் சொல்லலாமா?" என்று கேள்வி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பானட்டின் மேல் தண்ணீர்த் துளி நிற்கிறது. அன்று காலைதான் கழுவியிருக்கிறார். கீழே வாளிகூடத் தெரிகிறது! கழுவிய காரைப் பார்த்துக் கைவிட்ட கார் என்று சொல்ல, கண் எவ்வளவு தூரம் கெட்டிருக்க வேண்டும்? அசிங்கமாக இருந்தால் ஆள் இருக்க மாட்டார் என்று முடிவே செய்துவிட்டார்கள்.

அது ஒரு தொடக்கம்தான். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று ஏற்கெனவே சண்டை. வாசலில் ஏறி இறங்கும் தடுப்புக் கம்பம் போடப் போகிறார்கள். இனி ஒரு வீட்டுக்கு ஒரு கார்தான் உள்ளே, மற்றது வெளியே போக வேண்டும், தக்க காரணம் இருந்தால் மட்டும் கூட்டத்தில் கேட்டு விலக்குப் பெறலாம் என்று நிர்வாகக் குழு அறிவித்தது. அக்காவுக்கு இரண்டு கார். அவர் விலக்குக் கேட்டிருந்தார்.

கீழ்த்தள மண்டபத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி, கொறிக்கக் கச்சாங் பூத்தே கடலை, பொட்டலப் பானம். மலாயில்தான் பேச்சு. நான் தமிழில் எழுதுகிறேன். குழுத் தலைவர் நம்மவர்தான், பேங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லாரும் நல்ல மனிதர்களாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவன் ஒருத்தன் இருந்தால் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

அக்காவின் முறை வந்தது. அவர் எழுந்திருப்பதற்கு முன்பே தலைவர் கையை உயர்த்தி, "இவங்களை நான் பேச வைக்கப் போறதில்லை" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவங்க வீட்டுக்காரர் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சவர். அவர் போனப்புறம் இவங்க அந்தப் பழைய காரை விடாம வச்சிருக்காங்க. பார்வைக்கு எப்படி இருந்தாலும், அது அவர் ஞாபகம். ஒரு மனைவியோட மனசு. இதுக்கு நாம விலக்குக் கொடுக்கணும்னு கேட்டுக்கிறேன்."

மண்டபம் இளகிவிட்டது. மூன்றாம் மாடி மலாய் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாட்ஸ்அப்பில் படம் போட்ட சீன அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். கைகள் உயரத் தொடங்கின. அக்கா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். இரண்டு காரும் அவருக்குத்தான்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"புக்கான்" என்றார். அப்படி இல்லை என்று அர்த்தம். எழுந்து நின்றார். "அவருக்கு அந்தக் காரைப் பாத்தாலே ஆகாது. கோயிலுக்கு ஒரு சந்து முன்னாடியே எறங்கி நடந்து வருவாரு. அவரு ஞாபகம்னா அது அந்த சில்வர் காரு. இது என் காரு. எனக்குப் பிடிச்சு, நான் பாத்து, நான் வாங்குனது."

தலைவர் பதறிப்போனார். தமிழில், மெதுவாக, "அக்கா, உக்காருங்க. கை தூக்கிட்டாங்க. நான் பாத்துக்குறேன்" என்றார்.

"நீங்க பாக்கலையே. பாத்திருந்தா இப்படிச் சொல்ல மாட்டீங்க."

பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "அப்ப என்ன காரணம்னு எழுதுறது? எதுக்கு அந்த ரெண்டாவது காரு?"

"அழகா இருக்கு" என்றார் அக்கா.

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கண்ணைத் துடைத்த அம்மாவும் சிரித்தார். துடைத்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் எழுந்து ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை, என் மனைவி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். செத்தவருக்காக என்றால் இடம் உண்டு. உயிரோடு இருக்கிற ஒருத்தி, காலையில் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது என்றால் இடம் இல்லை. இதுதான் அன்றைக்கு அங்கே தீர்மானமானது. விலக்கு இல்லை. சனிக்கிழமைக்குள் ஒரு கார் வெளியே போக வேண்டும்.

எந்தக் கார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. பழைய சாமான் எடுப்பவர் ஒருவரின் போன் நம்பரை மலாய் அம்மா அன்போடு அக்காவின் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அக்காவின் மகன் ஜொகூரிலிருந்து வந்தார். மேலே இருந்து சத்தம் என் வீடு வரை கேட்டது. என் மனைவி ஏதோ பலகாரம் கொடுக்கிற சாக்கில் என்னை அனுப்பினாள். கதவு திறந்திருந்தது.

"அம்மா, உனக்கு மூளை கீளை இருக்கா? அப்பா காரைக் குடுத்துட்டு இந்தக் கண்றாவியையா வச்சுக்கப் போற?"

"ஒண்ணுதான் வைக்கணும்னாங்க. வச்சுக்கிறேன்."

"இதை வெளிய ரோட்டுல போடு! இத யாரு திருடப் போறா?"

"வெயில்லயும் மழையிலயும் ரோட்டுல நிக்க அது என்னடா செஞ்சிச்சு?"

"ஊரு என்ன சொல்லும்? புருஷன் காரைத் தள்ளி விட்டுட்டான்னு சொல்லும். அங்கிள், நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் பலகாரத் தட்டை வைத்தேன். சொல்ல வேண்டியது யார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா உட்கார்ந்தார். கோபம் இறங்கிய குரலில், "நான் தள்ளல. உனக்குத் தர்றேன்" என்றார். "அந்த ஸ்டியரிங்குல உங்கப்பா கை பட்டுப் பட்டு ஒரு எடம் வழவழன்னு ஆயிருக்கும். நீ புடிச்சுப் பாரு, தெரியும். எனக்கு அதை ஓட்டுனா அழுகை வருது. ஒரு சிக்னல் தாண்ட முடியல. இதை ஓட்டுனா சிரிப்பு வருது. நான் மார்க்கெட்டுக்குப் போகணும், கோயிலுக்குப் போகணும், இன்னும் எத்தனையோ காலம் போகணும். எதை ஓட்டட்டும்? நீயே சொல்லு."

மகன் பலகாரத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தைப் பார்த்தபடி வெகு நேரம் மென்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை மாடிகள் முழுக்க ஆட்கள். இழுத்துப் போகும் லாரி வரும் என்று வேடிக்கை பார்க்க நின்றார்கள். மகன் வெள்ளிக் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தடவினார், ஒரு இடத்தில் கை நின்றது. அக்கா குனிந்து பின்சீட்டிலிருந்த டிஷ்யூ பெட்டியின் பின்னல் துணியைச் சரி செய்தார். சரியாகத்தான் இருந்தது. திரும்பவும் சரி செய்தார். கார் புதுக் கம்பத்தைத் தாண்டி வெளியே போனது. மாடியில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "அடப்பாவி, மாத்தி அனுப்பிட்டாங்க!" என்று ஒருத்தர் சத்தமாகவே சொன்னார். ஏதோ தவறுதலாக நடந்துவிட்ட மாதிரி.

காலியான இடத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. வீட்டுக்காரர் போன அன்றுகூட அவர் எங்கள் முன்னால் அப்படி அழவில்லை. வாயைப் பொத்தவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. நான் இரண்டு அடி போய் நின்றுவிட்டேன்.

தலைவர் படியிறங்கி வேகமாக வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "இதுக்குத்தான்க்கா நான் அன்னிக்கே சொன்னேன். மனசு கேக்கலல்ல? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அவரு காரைத் திரும்பக் கூப்பிடுவோம், இதை நான் பேசி..."

"நான் அழறது எம் புருஷனுக்கு" என்றார் அக்கா. மூக்கு அடைத்த குரல். "அது வேற. இந்தக் காரு வேற. இது எனக்குப் புடிச்ச காரு. ரெண்டையும் கலக்காதீங்க."

சொல்லிவிட்டு ரொட்டிப் பெட்டியில் ஏறினார். எஞ்சினைப் போட்டார். கன்னத்தில் இன்னும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவில்லை. தலைவர் காருக்கு முன்னாலேயே நின்றார். ஆறுதலாக இன்னும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்வது என்று, கையைக் காற்றில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். மாடிகளில் எல்லாரும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

அக்கா ஹார்னை அழுத்தினார். அவர் விலகும்வரை கையை எடுக்கவில்லை.